முன்பின் தெரியாதவங்களோட கொல்லிமலை ரைடு: காசு குடுத்து போகலாமா?

சென்னைல இப்போ சனி ஞாயிறு வந்தா போதும், யாராவது ஒருத்தர் பைக் ரைடு போறோம் வாங்கன்னு போஸ்டர் போடறாங்க, பணம் கட்டினா வாட்ஸாப் க்ரூப்ல சேத்துடுவாங்க, காலங்காத்தால பெட்ரோல் பங்க் வாசல்ல போய் நின்னா ஒரு பதினஞ்சு இருபது பேர் வண்டியோட நிப்பாங்க, ஒருத்தர் மூஞ்சியும் நமக்கு தெரியாது. அப்படி ஒரு க்ரூப்போட தான் கொல்லிமலை போயிட்டு வந்தேன். ரெண்டு நாள், ஒரு ராத்திரி தங்கறது, சாப்பாடு எல்லாம் சேத்து 4,500 ரூபாய், பெட்ரோல் நம்ம செலவு. க்ரூப்போட பேர நான் இங்க போடல. ஒரே ஒரு ரைடுல பாத்தத வச்சு யாரையும் தூக்கவும் வேண்டாம் இறக்கவும் வேண்டாம், எதெல்லாம் பாக்கணும்னு தெரிஞ்சா நீங்க எந்த க்ரூப்போட போனாலும் நீங்களே எடை போட்டுக்கலாம்.

எனக்கு இந்த மாதிரி ரைடுல அளவுகோல் ஒண்ணு தான். கடைசியா வர்ற வண்டிய எப்படி பாத்துக்கறாங்க? முன்னாடி போற லீட் எவ்ளோ நல்லா ஓட்டறார், எவ்ளோ பெரிய வண்டி வச்சிருக்கார், எத்தன தடவ லடாக் போயிருக்கார்னு எல்லாரும் பாப்பாங்க, ஆனா இருபது தெரியாத ஆளுங்கள்ல மலை ரோடே பாக்காத ஒருத்தர் கண்டிப்பா இருப்பார், அவர் பத்திரமா மேல ஏறி பத்திரமா இறங்கினா தான் அது நல்ல க்ரூப்பு.

பணம் கட்டினதும் ஒரு ஃபார்ம் வந்துச்சு. லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ் காப்பி, ரத்த வகை, அவசரத்துக்கு கூப்பிட ரெண்டு நம்பர், ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களான்னு ஒரு கேள்வி. இதுவரைக்கும் எல்லாரும் கேப்பாங்க. இவங்க அதுக்கு மேல ஒரு போன் பண்ணாங்க, அது எனக்கு ரொம்ப புடிச்சுது. மலை ஏறினதுண்டா, ஒரே நாள்ல அதிகபட்சம் எவ்ளோ தூரம் ஓட்டியிருக்கீங்க, பின்னாடி ஆள் வர்றாங்களான்னு நிதானமா கேட்டாங்க. அப்புறம் இன்சூரன்ஸ்ல பர்சனல் ஆக்சிடென்ட் கவர் இருக்கான்னு பாத்து சொல்லச் சொன்னாங்க. இத பத்தி நிறைய பேருக்கு தெரியாது, அதனால சொல்றேன். வண்டி ஓனரே ஓட்டும்போது 15 லட்சம் வரைக்கும் கவர் குடுக்கற பகுதி அது, 2018 கடைசில இருந்து இந்த தொகை தான், ஆன்லைன்ல ரென்யூ பண்ணும்போது எனக்கு வேற பாலிசி இருக்குன்னு ஒரு டிக் அடிச்சு முந்நூறு ரூபா மிச்சம்னு தாண்டி போயிடறாங்க. அதுவும் ஓனர் ஓட்டினா தான், லைசென்ஸ் செல்லுபடி ஆகணும். ஃப்ரெண்ட் வண்டிய கடன் வாங்கிட்டு ரைடுக்கு வந்தா அந்த கவர் உங்களுக்கு வராது. அதே மாதிரி ரேஸ், ஸ்பீட் டெஸ்ட்டுக்கெல்லாம் வண்டி ஓட்டினா பாலிசி செல்லாதுன்னு நம்ம பாலிசி பேப்பர்லயே அச்சடிச்சிருக்கும், ஹைவேல யாரு முன்னாடின்னு இழுத்துக்கிட்டு போறவங்க ஒரு தடவ அத எடுத்து படிக்கணும்.

பெருங்களத்தூர் பக்கம் காலைல 4:30க்கு வரச் சொல்லியிருந்தாங்க. வந்தவுடனே செல்ஃபி, குரூப் போட்டோன்னு ஆரம்பிக்காம மார்ஷல், அதாவது ரைடர்ஸ பாத்துக்கற க்ரூப் ஆளு, ஒருத்தர் டார்ச்ச எடுத்துக்கிட்டு ஒவ்வொரு வண்டியா வந்தார். டயர் மொட்டையா இருக்கா, செயின் தொங்குதா, ரெண்டு பிரேக் லைட்டும் எரியுதா, அதாவது முன் பிரேக் புடிச்சாலும் எரியணும் பின் பிரேக் மிதிச்சாலும் எரியணும். ஹெல்மெட்ட மாட்டி ஸ்ட்ராப் போட்டுக்கச் சொல்லிட்டு, பின்னாடி கழுத்துப் பக்கம் ஹெல்மெட்டோட அடி விளிம்ப புடிச்சு மெதுவா முன்னாடி உருட்டி பாத்தார். ஒரு பையனுக்கு ஸ்ட்ராப் போட்டிருந்தும் ஹெல்மெட் அப்படியே கழண்டு கைல வந்துடுச்சு. ஐஎஸ்ஐ முத்திரை எல்லாம் இருந்துச்சு, சைஸ் தான் ரெண்டு பெருசு. அந்த பையன் மூஞ்சி சுருங்கிடுச்சு, ஆனா மார்ஷல் ஒரு வார்த்த கிண்டலா பேசல, "ப்ரோ இது விழும்போது தலைல இருக்காது, இத போட்டுக்கங்க"ன்னு அவங்க கார்ல இருந்து வேற ஒண்ணு எடுத்து குடுத்தார். ஸ்பேர் ஹெல்மெட் எடுத்துட்டு வந்த க்ரூப்ப நான் இதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. 4,500ல பாதி காசு எனக்கு அங்கயே நியாயமாயிடுச்சு.

அடுத்து பேச்சு. லீட் பத்து பதினஞ்சு நிமிஷம் தான் பேசினார், ஆனா காரணத்தோட பேசினார். மொத்தத்தையும் ரெண்டு கூட்டமா பிரிச்சாங்க, நடுவுல அஞ்சு நிமிஷ இடைவெளி. இருபது வண்டி ஒரே வரிசையா போனா பின்னாடி வர்ற பஸ்ஸுக்கும் காருக்கும் ஓவர்டேக் பண்ண வழியே கிடைக்காது, அவங்க பொறுமை போயி நடுவுல மூக்க நுழைப்பாங்க, அப்ப அடி வாங்கறது நம்ம ஆளு தான். புதுசா ஓட்டறவங்கள லீடுக்கு நேர் பின்னாடி விட்டாங்க. நல்லா பழகினவங்க பின்னாடி. எல்லாருக்கும் கடைசில ஸ்வீப், அவர் பைல பஞ்சர் கிட், டூல்ஸ், முதலுதவி பெட்டி. புது ஆள ஏன் முன்னாடி விடணும்னு ஒருத்தர் கேட்டார், கேக்க வேண்டிய கேள்வி தான். கூட்டமா போகும்போது வரிசை ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டு நீண்டு சுருங்கும். லீட் 80ல போயிட்டிருப்பார், நடுவுல ஒருத்தர் லாரிக்கு பின்னாடி மாட்டுவார், லாரிய தாண்டினதும் இடைவெளிய புடிக்க முறுக்குவார், அவருக்கு பின்னாடி இருக்கறவர் இன்னும் கொஞ்சம் முறுக்குவார், கடைசி ஆளு 100 தாண்டினா தான் கூட்டத்தோட சேர முடியும். அந்த கடைசி ஆளு புது ஆளா இருந்தா என்ன ஆகும்? லீடுக்கு பின்னாடியே இருந்தா லீடு அவர கண்ணாடில பாத்துக்கிட்டே அவருக்கு ஏத்த வேகத்துல போவார், மொத்த கூட்டமும் அந்த வேகத்துக்கு வந்துடும்.

அதோட சேத்து ஒரு விதி சொன்னார். உங்க பின்னாடி வர்ற வண்டி உங்க கண்ணாடில தெரியணும், தெரியலன்னா ஆக்சிலேட்டர விடுங்க, அவ்ளோதான். நீங்க மெதுவாயிட்டா உங்க முன்னாடி இருக்கறவர் கண்ணாடில நீங்க காணாம போவீங்க, அவரும் மெதுவாவார், அப்படியே லீட் வரைக்கும் சேதி போயிடும். யாருக்கும் ஹெல்மெட்ல பேசிக்கற இன்டர்காம் கூட தேவையில்ல. ரோடு பிரியற இடத்துல மட்டும், நீங்க திரும்பறது பின்னாடி வர்றவர் கண்ணுல படற வரைக்கும் அங்கயே ஓரமா நிக்கணும். இதால யாரும் யாரையும் துரத்த வேண்டிய அவசியமே இல்ல, தொலைஞ்சிடுவோம்ங்கற பயம் இல்ல, பயம் இல்லன்னா முறுக்கற கை தானா அடங்கிடும்.

ஜிஎஸ்டி ரோடுல ஸ்டாகர்டா போனோம். லீட் லேனோட வலது பக்கம், அடுத்தவர் இடது பக்கம், மூணாவது ஆளு திரும்ப வலது பக்கம். நேர் முன்னாடி இருக்கறவருக்கும் நமக்கும் ரெண்டு செகண்ட், குறுக்கால இருக்கறவருக்கு ஒரு செகண்ட். பக்கத்துல பக்கத்துல ஜோடியா போறது கூடவே கூடாது, திடீர்னு நாய் குறுக்க வந்தா ஒதுங்க இடம் வேணும்ல. ஓவர்டேக்ல இவங்க ரொம்ப கறார், முன்னாடி போனவர் வா வான்னு கை காட்டக் கூடாது, காட்டினாலும் நம்பி போகக் கூடாது, அவர் பாத்தப்போ காலியா இருந்த ரோடு நம்ம போகும்போது காலியா இருக்கும்னு என்ன உத்தரவாதம். ஒவ்வொருத்தரும் தானே பாத்து தானே முடிவு பண்ணி தான் தாண்டணும். இன்னொண்ணு, ஓடும்போது ஹசார்ட் லைட் போடக் கூடாது. நிறைய க்ரூப்ல நாலு இண்டிகேட்டரும் மினுக்கிக்கிட்டே போறத ஏதோ ஸ்டைல்னு நெனச்சுக்கறாங்க, நீங்க எந்த பக்கம் திரும்பப் போறீங்கன்னு பின்னாடி வர்ற லாரிக்காரருக்கு எப்படிங்க தெரியும்?

காலை டிபன் மேல்மருவத்தூர்ல. வண்டிய ஹோட்டல் வாசல அடைக்காம ஒரு பக்கமா வரிசையா விடச் சொன்னாங்க, சாப்பிட்டுட்டு வந்து ஸ்டார்ட் பண்ணி சும்மா உறுமக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லியாச்சு. லீட் அங்க வச்சு ஒரு விஷயம் ஞாபகப்படுத்தினார். 2021 டிசம்பர் 18 இதே மேல்மருவத்தூர்ல தான் இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48 திட்டத்த ஆரம்பிச்சாங்க. தமிழ்நாட்டு எல்லைக்குள்ள ரோடுல அடிபட்டா, எந்த ஊர்க்காரங்களா இருந்தாலும், திட்டத்துல இருக்கற ஆஸ்பத்திரில முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், ஆரம்பிச்சப்போ 1 லட்சம் ரூபாய் வரைக்கும்னு வச்சிருந்தாங்க. அதனால யாருக்காவது அடிபட்டா எந்த ஆஸ்பத்திரி, காசு யார் கட்டறதுன்னு நடு ரோட்டுல நின்னு யோசிக்காதீங்க, 108க்கு போன் போடுங்க, அடிபட்டது நம்ம க்ரூப் ஆளா வேற யாராவதான்னும் பாக்காதீங்கன்னார். உதவி பண்ணா போலீஸ் கேஸ்னு இழுத்தடிப்பாங்கன்னு ஒரு பயம் இன்னும் இருக்கு, 2019ல மோட்டார் வாகன சட்டத்த திருத்தினப்போவே உதவி பண்றவங்களுக்கு பாதுகாப்பு குடுத்து சேத்துட்டாங்க, பேர் கூட சொல்ல வேண்டிய கட்டாயம் இல்ல.

உளுந்தூர்பேட்டை தாண்டி சேலம் ரோடு. இந்த ரோடுல ஓட்டினவங்களுக்கு தெரியும், நாலு வழில சொகுசா வந்துக்கிட்டிருப்போம், ஊர் பைபாஸ் வந்ததும் ரெண்டு வழியா சுருங்கி எதிர்ல வண்டி வரும், இப்படியே ரொம்ப வருஷம் இருந்த ரோடு, எத்தன உசுர வாங்கியிருக்கு. அகலப்படுத்தற வேலை ஆரம்பிச்சதுக்கு அப்புறம் டைவர்ஷன் தொல்லை வேற. ஒவ்வொரு பைபாஸுக்கு முன்னாடியும் லீட் இடது கைல ஒரு விரல தூக்கி காட்டினார், சிங்கிள் லைன்னு அர்த்தம், ஒருத்தர் பாத்து ஒருத்தர் பின்னாடிக்கு அதே மாதிரி காட்டினோம். பெட்ரோலுக்கு எங்க நிக்கணும்னு சின்ன டேங்க் வண்டிய வச்சு தான் கணக்கு போட்டிருந்தாங்க. ஆர்15 பைக் ஒண்ணு இருந்துச்சு, டேங்க் 11 லிட்டர் தான், 17 லிட்டர் ஹிமாலயன் பைக்காரர் இன்னும் பாதி இருக்கே எதுக்கு நிக்கறோம்னு முணுமுணுத்தார், நின்னு தான் ஆகணும்னுட்டாங்க.

கொல்லிமலைக்கு காரவள்ளில இருந்து ஏற ஆரம்பிச்சா 70 கொண்டை ஊசி வளைவு. எண் போட்ட போர்டு ஒவ்வொரு வளைவுலயும் இருக்கு, பல இடத்துல ஒண்ண முடிச்சு மூச்சு விடறதுக்குள்ள அடுத்தது வந்துடும். இங்க ஸ்டாகர்ட் கிடையாது, சிங்கிள் லைன், வண்டிக்கு வண்டி ஒரு வளைவு இடைவெளி. வளைவுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே கியர குறைச்சுட்டு ஹாரன் அடிச்சுட்டு நுழையணும், உள்ள போயி கிளட்ச் புடிச்சா வண்டி நின்னு சாஞ்சிடும். ஏறுற வண்டிக்கு தான் இறங்கற வண்டி வழி விடணும், அது சட்டத்துலயே இருக்கு, ஆனா பஸ்ஸுக்கு அந்த வளைவுல முழு ரோடும் வேணும், நம்ம தான் முன்னாடியே நின்னு வழி விடணும்னு சொல்லி வச்சிருந்தாங்க. அது பாதி மலைல பலிச்சுது. மேலேர்ந்து பஸ் இறங்குது, எனக்கு முன்னாடி ஒரு அக்கா, மீட்டியார் வண்டி, வளைவு வாய்ல நிறுத்தினாங்க, ஏத்தத்துல வண்டி பின்னாடி உருள ஆரம்பிச்சுடுச்சு. கால் எட்டுது, ஆனா எடை தாங்கல. பின்னாடி வந்த ஸ்வீப் வண்டிய ஸ்டாண்ட் போட்டுட்டு ஓடி வந்தார். வண்டி மேல கை வைக்கறதுக்கு முன்னாடி "அக்கா புடிச்சுக்கட்டுமா"ன்னு கேட்டார். அவங்க தலையாட்டினதும் பின் கம்பிய புடிச்சு நிறுத்திக்கிட்டு, முன் பிரேக்க விடாதீங்க, மொதல்ல கியர் போடுங்க, அவசரமே இல்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தார், பஸ் போச்சு, அவங்களே கிளப்பி ஏறிட்டாங்க. நகருங்க நான் ஏத்தி விடறேன்னு அவர் சொல்லல பாருங்க, அந்த மரியாத எனக்கு பெருசா பட்டுச்சு. அதுக்கப்புறம் மிச்ச வளைவு முழுக்க அவங்க ஓட்டினதுலயே ஒரு தெளிவு தெரிஞ்சுது.

மேல சோளக்காடு வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி ஒருத்தர் விழுந்துட்டார். வளைவோட உள் பக்கம் மண்ணு சேந்திருக்கும்ல, அதுல முன் டயர் வழுக்கிடுச்சு, நல்லவேளை வேகமே இல்ல. அந்த நேரத்துல மார்ஷல்ங்க செஞ்ச வரிசைய கவனிங்க. முதல்ல ஒருத்தர் மேல் வளைவுக்கும் ஒருத்தர் கீழ் வளைவுக்கும் ஓடி வர்ற வண்டிகள நிறுத்தினாங்க. அப்புறம் தான் விழுந்தவர் கிட்ட போனாங்க. எல்லாரும் பதறிப்போயி தண்ணி குடுங்க, ஹெல்மெட்ட கழட்டுங்கன்னு கத்தறோம், ஸ்வீப் ரெண்டையும் தடுத்துட்டார். கழுத்துல அடி இருந்தா ஹெல்மெட்ட இழுக்கறது தான் ஆபத்து, மூச்சு நல்லா வருது, பேசறார், அதனால அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டு கை கால அசைக்கச் சொன்னார், இன்னிக்கு என்ன கிழமைன்னு கேட்டார், எங்க வலிக்குதுன்னு கேட்டார். எல்லாம் சரின்னு ஆனதும் அவரே மெதுவா கழட்டிக்கிட்டார். முழங்கை ஜாக்கெட் தேஞ்சதோட சரி, உள்ள சிராய்ப்பு மட்டும். ஒருத்தர் போன தூக்கி வீடியோ எடுக்கப் போனார், கீழ இறக்க வச்சாங்க.

இப்போ குறை. இருக்கு, சின்ன குறையும் இல்ல. இவங்களோட வந்த போட்டோகிராபர் ஒரு கொண்டை ஊசி வளைவுல நின்னுக்கிட்டு, சாஞ்சு திரும்பற போட்டோ வேணும்னு ரெண்டு மூணு பேர திரும்ப இறங்கி ஏற வச்சார். காலைல அவ்ளோ பொறுப்பா பேசின க்ரூப்பு இத எப்படி அனுமதிச்சாங்கன்னு எனக்கு இன்னும் புரியல. கேமரா முன்னாடி எல்லாரும் ஒரு பத்து கிலோமீட்டர் கூட்டி தான் ஓட்டுவாங்க. அதே ரோடுல ஊர்க்காரங்க மொபெட்ல வாழைத்தார் கட்டிக்கிட்டு வர்றாங்க, அவங்க ரோடு அது. ராத்திரி லீட் கிட்ட நேரா சொன்னேன், மறுநாள் இறங்கும்போது போட்டோ எதுவும் கிடையாதுன்னு எல்லார் முன்னாடியும் அறிவிச்சார், நடந்துக்கவும் செஞ்சார். அடுத்த ரைடுல என்ன பண்றாங்கன்னு பாக்கணும்.

ரெண்டாவது குறை வாட்ஸாப் க்ரூப். பணம் கட்டின எல்லாரையும் ஒரே க்ரூப்ல போட்டதால எல்லார் நம்பரும் எல்லாருக்கும் போயிடுது. வந்திருந்த பொண்ணுங்கள்ல ஒருத்தங்களுக்கு ரைடு முடிஞ்ச அன்னிக்கே ஒருத்தர் தனியா மெசேஜ் அனுப்ப ஆரம்பிச்சுட்டார், அவங்க சொன்னதும் அந்த ஆள எடுத்துட்டாங்க, சரி, ஆனா நம்பர் போனது போனது தானே. நம்பர் காட்டாத கம்யூனிட்டி வசதி இருக்கு, அதுக்கு மாத்தச் சொல்லியிருக்கேன். போட்டோவும் அப்படித்தான், ஒருத்தங்க மூஞ்சி தெரியற போட்டோவ போடறதுக்கு முன்னாடி அவங்கள கேக்கணும்.

தங்கின இடம் சுமார். செம்மேடு பக்கம் ஒரு வீடு, ரூமுக்கு நாலு பேர், சுத்தமா இருந்துச்சு, வெந்நீர் வரல. ராத்திரி சாப்பாடு நல்லா இருந்துச்சு. குடி கிடையாதுன்னு ஃபார்ம்லயே எழுதியிருந்தாங்க, மறுநாள் காலைல இறக்கம் இருக்கு, ராத்திரி குடிச்சது காலைல எல்லாருக்கும் இறங்கிடும்னு சொல்ல முடியாது, அதனால இந்த விதிக்கு என் முழு ஆதரவு. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல படி, போயிட்டு வந்து உடனே வண்டி ஓட்டினா தொடை நடுங்கும், பின் பிரேக் மிதிக்கற கால் அது, அதனால முதல் நாள் சாயங்காலமே அருவிய முடிச்சு வச்சது நல்ல திட்டம்.

இறக்கத்துக்கு இவங்க தனியா ஒரு அஞ்சு நிமிஷம் கூடுதலா பேசியிருக்கலாம். ஏறும்போது சொன்ன அளவுக்கு சொல்லல. ஏறின அதே கியர்ல இறங்கணும், நியூட்ரல்ல விட்டு இஞ்சின ஆஃப் பண்ணி பெட்ரோல் மிச்சம் பண்றது தற்கொலைக்கு சமம், பிரேக்க விடாம தேச்சுக்கிட்டே வந்தா சூடேறி பிடிக்காம போயிடும், விட்டு விட்டு புடிக்கணும். இத எல்லாருக்கும் தெரியும்னு எடுத்துக்கக் கூடாது. அந்த பெரிய ஹெல்மெட் பையன் முழு இறக்கமும் பின் பிரேக்லயே வந்திருக்கான், காரவள்ளில நிறுத்தும்போது பிரேக் டிரம்ல இருந்து கருகின வாசன வந்துச்சு. ஸ்வீப் பாத்துட்டு அர மணி நேரம் எல்லாரையும் டீ குடிக்க உக்கார வச்சுட்டார், யாரால லேட்டுன்னு சொல்லவே இல்ல.

நீங்க வேற க்ரூப்ல பணம் கட்டறதா இருந்தா போன் போட்டு ஸ்வீப் யாரு, ஒரு கூட்டத்துல எத்தன வண்டி, மலைக்கு புதுசா வர்றவங்கள எங்க விடுவீங்கன்னு கேளுங்க. பதில் டக்குனு வரணும். பாதில உடம்பு முடியலன்னு திரும்பணும்னா கூட யாராவது வருவாங்களான்னு கேளுங்க. மழை வந்தா என்னன்னும் கேளுங்க, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் நமக்கு பருவமழை, இவங்க மழைக்கு ரைடு நிறுத்தினா முழு பணமும் திருப்பி தர்றோம்னு எழுதியே குடுத்திருக்காங்க, பணம் போயிடுமேன்னு நனைஞ்ச மலைல ஏற வேண்டிய நெருக்கடி நமக்கும் இல்ல அவங்களுக்கும் இல்ல.

ஜனவரில இவங்க ஏலகிரி போறாங்க, 14 வளைவு தான், புதுசா ஓட்டறவங்களுக்கு நல்ல மலை. நான் பேர் குடுத்துட்டேன். என் தங்கச்சி வண்டி வாங்கி ஆறு மாசம் ஆகுது, அவளும் அவ வண்டில வர்றா.